கப்பல் கரையில் நிற்கும் பொழுது: அயல்நாட்டுத் துறைமுகங்களைக் காணும் வழி

நம் சங்கத்துக் குடும்பங்களில் மணிவிழா கண்டவர்கள் இப்போதெல்லாம் காசி, ராமேஸ்வரத்தோடு யாத்திரையை நிறுத்திக்கொள்வதில்லை. பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் "கப்பல்ல சாப்பாடு பிரமாதம்" என்பார்கள். ரோம் எப்படி இருந்தது என்றால், "பஸ்ஸிலேர்ந்து பார்த்தோம், ரொம்பக் கூட்டம்" என்று வரும் பதில். இவ்வளவு பணமும் உடம்பும் செலவழித்துப் போய், கரையில் கிடைக்கும் எட்டு மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று முன்கூட்டி யோசிப்பவர்கள் குறைவு. நானும் என் இல்லாளும் சென்று வந்த இத்தாலி, கிரேக்கம், துருக்கி வழியை வைத்துச் சில செய்திகளை எழுதுகிறேன். அங்கே கற்றதோடு வீட்டில் உட்கார்ந்து படித்ததும் கலந்திருக்கும், பொறுத்தருள்க.

கப்பல் காலை ஏழு, எட்டு மணிக்குத் துறையடையும். மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கிளம்பும். எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் அதற்கு அரை மணி முன்னதாகவே முடிந்துவிடும். இந்த இடைவெளியில் இறங்கிப் பார்க்க மூன்று வழி. கப்பல்காரர்களே விற்கும் டூர் ஒன்று. உள்ளூர் கைடை நாமே பேசி வைத்துக்கொள்வது இரண்டு. ரயிலோ பஸ்ஸோ பிடித்து நாமே போவது மூன்று. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். அதைத்தான் விளக்க வேண்டும்.

முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். கப்பல் டூரில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த ஊருக்கு அவர்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாகப் போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ தோமே தீவில் இது உலகச் செய்தியானது. தனியார் டூர் ஒன்றில் போன எட்டுப் பயணிகள் குறித்த நேரத்துக்கு மேல் திரும்பினார்கள். கப்பல் இன்னும் நங்கூரம் போட்டுத்தான் நின்றது. கடலோரக் காவல் படகு அவர்களைக் கப்பல் பக்கத்தில் கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. விமானத்திலும் சாலையிலும் பல நாடுகளைச் சுற்றி, செனகல் நாட்டு டாக்கர் துறைமுகத்தில்தான் கப்பலைத் திரும்பப் பிடிக்க முடிந்தது. அவர்களில் வயதானவர்களும் இருந்தார்கள். செலவை முதலில் சொந்தக் கையிலிருந்துதான் போட வேண்டியிருந்தது.

இதைக் கேட்டதும் "எதுக்கு வம்பு, கப்பல் டூரே போதும்" என்று தோன்றும். ஆனால் கப்பல் டூரின் விலை தலைக்கு இவ்வளவு என்று இருக்கும். தனிக் கைடு வண்டிக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்று பேசுவார். கணவன் மனைவி இருவர் என்றால் வித்தியாசம் பெரிதாக இராது. ஆறு பேர் கொண்ட குடும்பமோ, மூன்று தம்பதிகள் சேர்ந்தோ போனால் கணக்கு தலைகீழாகிவிடும். அதோடு நாற்பது பேர் பஸ்ஸில் ஒருவருக்கு முட்டிவலி என்றால் மற்றவர் நிற்க வேண்டும், அல்லது அவரை விட்டுவிட்டு நடக்க வேண்டும். முட்டிவலிக்காரர் நாமாக இருக்கும் வயது இது!

உள்ளூர் வழிகாட்டி என்பவர் புதிதாக வந்தவரல்லர். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தைச் சேர்ந்த, பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற நூலை அன்பர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முசிறியையும், கீழைக் கரையில் கமரா, பொதுகே ஆகிய துறைகளையும் குறிப்பிடுவதால் நம் வரலாற்று ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்தாளும் நூல். உண்மையில் அது துறைமுகக் கையேடு. எந்த ஊரில் எது விற்கும், எது வாங்கலாம், எங்கே மணல் திட்டு, எங்கே ஆபத்து என்று ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குச் சொல்வது போல் இருக்கும். அதில் பாரிகாசா, அதாவது நர்மதை முகத்துவாரத்துப் பரூச், பற்றி ஒரு செய்தி. அங்கே நீரோட்டமும் ஏற்றவற்றமும் கடுமை. ஆகவே அரசனின் பணியிலுள்ள உள்ளூர் மீனவர்கள் நீண்ட படகுகளில் சௌராஷ்டிரக் கரைவரை எதிர்கொண்டு சென்று, வரும் கப்பல்களுக்கு வழிகாட்டி உள்ளே அழைத்து வருவார்களாம். இன்றைக்கும் அதே முறைதான். காலை ஐந்து மணிக்கு மேல்தளத்தில் நின்றால் ஒரு சின்னப் படகு வந்து நம் பெரிய கப்பலை ஒட்டும். கயிற்றேணியில் ஓர் ஆள் ஏறுவார். அவர்தான் அந்தத் துறைமுகத்தின் பைலட். எத்தனை கருவிகள் இருந்தாலும் கேப்டன் அந்த உள்ளூர் ஆள் சொல் கேட்டுத்தான் கப்பலைத் துறைக்குள் திருப்புகிறார்.

நம் சீவக சிந்தாமணியிலும் கப்பல் கவிழ்ந்ததாக நினைத்துக் கரையேறிய வணிகன் சீதத்தனுக்குத் தரன் என்பவன் வந்து வழிகாட்டுகிறான். புயலைக் காட்டியதே அவன் மாயம்தான் என்பது பிறகு தெரிகிறது. கைடு எப்படிப்பட்டவர் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அதையும் உதாரணமாகச் சொல்லலாம்!

நிற்க. துறைமுகங்களுக்கு வருவோம்.

ரோம் நகருக்கான துறைமுகம் சிவிட்டாவெக்கியா. டிராஜன் பேரரசர் கட்டிய பழந்துறை. கப்பல் அட்டவணையில் ரோம் என்று போட்டிருந்தாலும் ரோம் அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். துறைமுகப் பஸ்ஸில் வெளியே வந்து, அங்கிருந்து ரயில் நிலையம் போக வேண்டும். வண்டியைப் பொறுத்து ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி ஓட்டம். வத்திக்கான் பார்க்க விரும்புவோர் நகரின் பெரிய நிலையமான டெர்மினி வரை போகத் தேவையில்லை. அதற்கு முன்பே சான் பியேத்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். காகிதச் சீட்டானால் ஏறுவதற்கு முன் மேடையிலுள்ள இயந்திரத்தில் அச்சுப் போட வேண்டும், மறந்தால் அபராதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணிக்கு இறங்கினால் ரோமில் கால் வைக்கப் பத்து மணி. மாலை ஐந்தரைக்கு ஏற வேண்டுமென்றால் ரோமை விட்டு இரண்டரைக்குக் கிளம்பிவிட வேண்டும். ஆக நான்கரை மணி நேரம். அதில் வத்திக்கானும் கொலோசியமும் இரண்டும் வேண்டும் என்பவர்கள் இரண்டையும் பார்க்கமாட்டார்கள். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் இன்னொரு சங்கதி, 'ஷோபெரோ' என்ற சொல். வேலைநிறுத்தம் என்று பொருள். அடிக்கடி நடக்கும், ஆனால் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலைநாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரையும், மாலை ஆறு முதல் ஒன்பது வரையும் அத்தியாவசிய ரயில்கள் ஓட வேண்டும் என்று விதி. மாலை ஐந்தரைக்குக் கப்பல் ஏற வேண்டிய நமக்கு அந்த மாலை ரயிலால் என்ன பிரயோசனம்? ஆகவே முந்தின வாரமே விசாரித்து, அப்படி ஏதும் இருந்தால் அன்றைக்கு மட்டும் கப்பல் டூரையோ, கப்பல்காரர்கள் விற்கும் வெறும் பஸ் இடத்தையோ வாங்கிக்கொள்வது நலம். கைடு இல்லாமல் ரோமில் கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்து வரும் அந்தப் பஸ், பயந்தவர்களுக்கு நடுவழி.

பிரேயஸ் அப்படியல்ல. ஏதென்ஸ் நகரின் துறை அது. பத்து கிலோமீட்டர் தூரந்தான். 1869இலேயே இந்தத் துறைக்கும் ஏதென்ஸுக்கும் ரயில் ஓடியது. இன்று அதுவே மெட்ரோவின் முதல் வழித்தடம். 2022 அக்டோபரில் மூன்றாவது வழித்தடமும் பிரேயஸ் வரை வந்துவிட்டது. அதில் திமோடிகோ தியாத்ரோ என்ற நிலையம் உல்லாசக் கப்பல் துறைக்குக் கிட்ட. இரண்டு தடங்களும் மொனாஸ்டிராகி போகும். அங்கே இறங்கித் தலை நிமிர்ந்தால் அக்ரோபோலிஸ் குன்று தெரியும். இங்கே போக்குவரத்துக்காகக் கைடு வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஆனால் நுழைவுச் சீட்டை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். 2023 செப்டம்பரில் இருந்து அக்ரோபோலிஸுக்கு நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, மணிவாரியாக நேரம் குறித்துச் சீட்டுத் தருகிறார்கள். கோடையில் வெயில் உக்கிரமான நாட்களில் நண்பகலில் மூடிவிடுவதும் உண்டு. ஆகவே காலை முதல் நேரத்தையே பிடியுங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கால்பட்டு அந்தச் சலவைக்கல் வழுவழுவென்று ஆகிவிட்டது. பிடிப்புள்ள செருப்பு வேண்டும், தேய்ந்து போனது ஆகாது.

கைடுகளைப் பற்றி அங்கே ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாசனியாஸ் என்பவர் கிரேக்க நாடு முழுக்கச் சுற்றிப் பத்துப் பகுதியாகப் பயண நூல் எழுதினார். அவர் நூலும் கடலிலிருந்து பார்க்கும் சூனியோன் முனையில் தொடங்கிப் பிரேயஸ் துறைக்கு வருகிறது, இன்றைய கப்பல் பயணி வருவது போலவே. ஆர்கோஸ் ஊர் வழிகாட்டிகளுக்குத் தாங்கள் சொல்வதெல்லாம் உண்மையல்ல என்று தெரியும், இருந்தாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அவர் குறைப்பட்டிருக்கிறார். புளூட்டார்க் டெல்பி கோயில் வழிகாட்டிகளைப் பற்றி எழுதும்போது, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று எத்தனை கெஞ்சினாலும் கல்வெட்டு ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்கள் என்கிறார். நம் கோயில் வாசலில் பார்க்காததா!

துருக்கியின் குஷாதாசி வந்தால் என் கருத்து மாறிவிடும். அங்கே கைடு வேண்டும். காரணம் எபேசஸ். துறையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 'டோல்முஷ்' என்கிற பங்கு வேனில் செல்சுக் ஊர் வழியில் போகலாம், மலிவுதான். அது விலக்கில் இறக்கிவிடும். அங்கிருந்து நடந்து கீழ்வாசல். பழைய நகரமோ சரிவில் கிடக்கிறது. கீழிருந்து ஏறி, அதே வழியில் இறங்கி வர வேண்டும். நிழல் இல்லை. வண்டியோடு வரும் கைடு மேல்வாசலில் இறக்கி, வண்டியைக் கீழ்வாசலுக்கு அனுப்பிவிடுவார். ஒரே இறக்கமாக நடந்து வரலாம். அறுபது தாண்டிய கால்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரணம், எபேசஸைச் சொல்லித்தான் காட்ட வேண்டும். செல்சஸ் நூலகத்தின் முகப்பு கண்ணுக்கே தெரியும். 1970களில் விழுந்த கற்களைக் கொண்டே நிறுத்தினார்கள். ஆனால் நாடக அரங்கிலிருந்து நேராக ஓடும் அகலமான கல்தெரு எங்கே போகிறது? புல்வெளியில் போய் முடிகிறது. அங்கேதான் துறைமுகம் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்துவிட்டது. கடல் இன்று பல கிலோமீட்டர் தள்ளி. பெர்காமன் அரசன் அட்டாலஸ் காலத்தில் துறையின் வாயைக் குறுக்கினால் ஆழம் கூடும் என்று எண்ணி அணை போட்டார்களாம். அணைக்கு உள்ளேயே வண்டல் தங்கி இன்னும் மோசமானது என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். தாமிரபரணி தூர்த்த கொற்கையை அறிந்த நமக்கு இந்தக் கதை உடனே புரியும். பஸ்ஸில் வந்த நாற்பது பேர் நூலக வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு, இந்தத் தெருவைத் திரும்பிப் பாராமல் போவதை நான் பார்த்தேன். அவர்களுக்குக் கம்பளக் கடைக்கு நேரமாகிவிட்டது.

கம்பளக் கடை! ஜவுளி வியாபாரம் செய்தவன் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கைடுக்குச் சம்பளம் ஒரு பங்கு, கடையில் நாம் வாங்குவதில் கமிஷன் மற்றொரு பங்கு. ஊரெல்லாம் உள்ள பழக்கம், நம் காஞ்சிபுரத்திலும் உண்டு. தேநீர் வரும், கம்பளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரியும், பேச்சு இனிக்கும். கமிஷன் நாம் கொடுக்கும் விலைக்குள்ளேதான் இருக்கிறது என்பது வியாபாரிக்குத் தெரியும். ஆனால் போகும் நேரமும் நம்முடையது, அதுதான் எனக்கு ஆகாது. எட்டு மணியில் ஒன்றரை மணி கடைக்கு.

எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே வேறொரு சங்கடமும் உண்டு. பட்டுக் கம்பளத்தின் பெருமையைக் காட்ட, வெந்நீர்ச் சட்டியில் பட்டுக்கூடுகள் மிதக்க, அதிலிருந்து நூல் இழுத்துக் காட்டுவார்கள். மற்றவர்கள் வியந்து கைதட்டினார்கள். என் மனைவி, "என்னங்க, உள்ள புழு இருக்குமே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் வெளியே வந்து நின்றுவிட்டோம். அடுத்த கடை தோல் சட்டைகள். ஆகவே கைடைப் பேசும்போதே, கடை நிறுத்தம் எதுவும் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அது நியாயமான விலை. வாங்க விரும்புகிறவர்கள் தாங்களாகக் கடைக்குப் போய் பேரம் பேசினால் கமிஷன் பங்கும் குறையும்.

துருக்கியிலும் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் வழிகாட்டி வேலைக்கு உரிமம் உண்டு. அடையாள அட்டை கழுத்தில் தொங்கும். துறைமுக வாசலில் கையைப் பிடித்து இழுப்பவரிடம் அட்டையைக் கேளுங்கள். "நான் டிரைவர்தான், எல்லாம் சொல்லுவேன்" என்பார் சிலர். நல்லவராகவே இருக்கலாம், பழமையான இடத்துக்கு உள்ளே வந்து விளக்க அவருக்கு அனுமதி இல்லை.

சாந்தோரினி தீவில் கப்பல் கரையை ஒட்டாது. நடுக்கடலில் நின்று சிறு படகில் இறக்குவார்கள். செங்குத்தான மலைமேல் ஊர். மேலே போகக் கம்பிவட ஊர்தி, அல்லது அறுநூறுக்குச் சற்றுக் குறைந்த படிகள், அல்லது கழுதை. கழுதைகள் நாள் முழுக்க வெயிலில் ஆள் சுமப்பதைக் கண்டித்துப் பலர் குரல் கொடுத்த பிறகு, 2018இல் கிரேக்க அரசு 100 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று விதித்தது. நாங்கள் ஊர்திக்கு வரிசையில் நின்றோம். வரிசை நீளம், இறங்கும்போது இன்னும் நீளம். அதையும் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாப்பாடு. கப்பலில் காய்கறி உணவுக்கும் ஜைன உணவுக்கும் முன்பதிவின்போதே எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கரையில்தான் சிரமம். கிரேக்கத்தில் 'நிஸ்திசிமோ' என்று ஒரு சொல் உண்டு. அவர்கள் திருச்சபையின் விரத உணவு. இறைச்சி, முட்டை, பால் எதுவும் இராது என்று கேட்டதும் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இரத்தமில்லாத உயிர் என்று கணவாய், இறால் வகைகளை விரதத்திலும் அனுமதிக்கிறார்கள்! ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். துருக்கியில் எள் தூவிய சிமித் ரொட்டி, பழம், கொட்டை வகைகள் போதும். கப்பல் உணவைக் கரைக்குக் கொண்டுபோகப் பல துறைகளில் தடை. ஊரிலிருந்து கொண்டுபோன பாக்கெட் பிஸ்கட், பொரிக்குத் தொல்லையில்லை. ஒரே ஒரு அனுகூலம், ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரைக்கு மேல் ஆகும். பொழுது சாய்வதற்குள் உண்ணும் எங்கள் நியமத்துக்கு இவ்வளவு தாராளமான ஊரை நான் பார்த்ததில்லை.

மேல்நாட்டார் எழுதிய கையேடுகளில் இல்லாத, நமக்கு மட்டும் உள்ள விஷயம் விசா. இத்தாலியும் கிரேக்கமும் ஷெங்கன் நாடுகள். துருக்கி அல்ல. இத்தாலியில் ஏறி, துருக்கி போய், மறுபடி கிரேக்கம் வந்தால் ஷெங்கனுக்குள் இரண்டாவது முறை நுழைகிறோம். ஒற்றை நுழைவு விசா எடுத்திருந்தால் கப்பலில் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய பணமும் போகும். பலமுறை நுழைவு என்று விசாவில் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். துருக்கி விசாவைத் தனியாக விசாரியுங்கள். பல கப்பல்களில் நம் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதால், விசாப் பக்கத்தோடு நகல் எடுத்துக் கையில் வைத்திருங்கள். ஒவ்வொரு துறையிலும் கப்பலுக்கு ஒரு முகவர் இருப்பார். அவர் தொலைபேசி எண் அன்றாடத் தாளில் அச்சாகியிருக்கும். அதைக் கிழித்துச் சட்டைப் பையில் போடுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் பேச வேண்டியவர் அவர்தான். கடிகாரம் கப்பல் நேரத்தில் இருக்கட்டும். இத்தாலிக்கும் துருக்கிக்கும் நேரம் வேறு, கைப்பேசி தானாக மாறிக்கொண்டு நம்மைக் குழப்பும். நடக்கும் தூரத்து ஊரானால் ஒரு மணி முன்னதாகவும், ரயில் ஏறிப் போன ஊரானால் இரண்டு மணி முன்னதாகவும் துறைக்குத் திரும்புவது என் வழக்கம்.

கடைசியாக நேப்பிள்ஸ். எல்லா டூர்களும் அங்கே பாம்பேய்க்கு ஓடும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். தனியாகவும் போகலாம், சொரெண்டோ போகும் ரயிலில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். ஜேப்படிக்காரர்களுக்குப் பேர்போன வண்டி, பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் இருந்து அங்கும் நாளுக்கு 20,000 பேர் வரம்பு, பெயர் எழுதிய சீட்டு. ஆனால் கப்பல் நிற்பதே நகரின் நடுவில். துறையை விட்டு வெளியே வந்தால் முனிசிப்பியோ மெட்ரோ நிலையம். முதல் வழித்தடத்தில் மூன்று நிறுத்தம் தாண்டி முசேயோவில் இறங்கினால் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம். பாம்பேயில் கிடைத்த சிறந்த பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அங்கே 'ரகசிய அறை' என்று ஒரு பகுதி. சிற்றின்பச் சிற்பங்களை வைத்திருக்கும் அறை என்பதால் நம் பெரியவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். உள்ளே போங்கள். ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மிகுந்த தந்தப் பதுமை ஒன்று இருக்கிறது. 1938இல் பாம்பேய் வீடொன்றில் அகழ்ந்தெடுத்தது. இந்திய வேலைப்பாடு, முதலில் இலக்குமி என்றார்கள், இப்போது இயக்கி என்று கருதுகிறார்கள். தீர்த்தங்கரர் பக்கத்தில் இயக்கியை வணங்கி வளர்ந்த எனக்கு அந்த நிலையும் நகைகளும் அந்நியமாகவே தெரியவில்லை. பீடத்தில் கரோஷ்டி எழுத்து ஒன்று. இதை ஒத்த தந்தப் பதுமைகள் நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணில் தேர், போகர்தன் என்ற இரண்டு ஊர்களில் கிடைத்திருக்கின்றன. தேர் என்பதுதான் பெரிப்ளூஸ் சொல்லும் தகரா. அங்கிருந்து சரக்குகள் வண்டிகளில் பாரிகாசாவுக்குப் போயின என்று அந்த வணிகர் எழுதியிருக்கிறார். அப்படியானால் இந்தப் பதுமையும் அந்த வண்டிகளில் ஒன்றில் ஏறி, மீனவப் பைலட்டுகள் காத்த அந்தத் துறை வழியாகத்தான் கடல் தாண்டியிருக்கும் என்பது என் ஊகம். தேர் ஊர் அருங்காட்சியகத்தில் இதன் தங்கை போன்ற பதுமை இருக்கிறது. தாராசிவ் மாவட்டந்தான், கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துவிட்டுப் போனால், நேப்பிள்ஸில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் கைடு தேவைப்படாது.